ஸ்கூல் வேனில் ஒரு மலை, ஒரு ஏரி, ஒரு யானை

எங்கள் வேனுக்குப் போட்ட ஆயுத பூஜையை ஒரு யானை தின்றுவிட்டது. எங்கள் ஊர் பட்டாபிராமில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். சிரித்து முடித்துவிட்டு, வேனுக்கு என்ன ஆச்சு என்று கேட்பார்கள். வேனுக்கு ஒன்றும் ஆகவில்லை. முன் விளக்கு ஒன்று மட்டும் அதன்பிறகு ரோட்டைப் பார்க்காமல் ஆகாயத்தைப் பார்த்தது. நான் சொல்ல வந்தது வேனைப் பற்றி அல்ல, அப்பாவின் கண்ணைப் பற்றி.

அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் வெல்டர். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், நான் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தபோது, அவருக்குப் பார்வை மங்க ஆரம்பித்தது. கண்ணுக்குள் அழுத்தம் என்றார் டாக்டர். போனது வராது, மிச்சம் இருப்பதை மருந்து விட்டு இழுத்துப் பிடிக்கலாம், எத்தனை நாளைக்கு என்று சொல்ல முடியாது என்றார். கைக்கெட்டும் தூரத்தில், நேராக இருப்பது அப்பாவுக்குத் தெரியும். தள்ளி இருப்பதெல்லாம் புகை. கம்பெனியில் அவரை ஸ்டோர்ஸில் உட்கார வைத்துவிட்டார்கள்.

அன்றைக்கு அப்பா வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, கை கழுவிவிட்டு, "கண்ணு போறதுக்குள்ள ஒரு மலை, ஒரு ஏரி, காட்டுல ஒரு யானை பாக்கணும்" என்றார். ரேஷன் கடையில் என்ன வாங்க வேண்டும் என்று சொல்கிற அதே குரல். அதுவரை அவர் பார்த்த மலை பரங்கிமலை. அதுவும் பஸ்ஸில் இருந்து.

அம்மாவின் அண்ணன், என் மாமா, ஸ்கூல் வேன் ஓட்டினார். கோவில்பதாகையிலிருந்து ஆவடிக்குப் பிள்ளைகளைக் கொண்டுபோய் விடுவார். காலாண்டு லீவும் ஆயுத பூஜையும் சேர்ந்து வந்ததில் வண்டி சும்மா நின்றது. லாட்ஜில் தங்கினால் கட்டுப்படி ஆகாது என்று அவரே பின் சீட்டுகளைக் கழற்றி, பலகை போட்டு, மெத்தை விரித்தார். அம்மா பழைய புடவையைக் கிழித்து ஜன்னலுக்குத் திரை தைத்தாள். மண்ணெண்ணெய் ஸ்டவ், ஒரு குடம் தண்ணீர், அரிசி, புளி எல்லாம் ஏறின. வெளியே 'பள்ளி வாகனம்' என்று எழுதியிருந்தது அப்படியே இருந்தது. வழியில் நிறுத்திய போலீஸ்காரர்கள் எல்லாம் பிள்ளைகள் எங்கே என்று கேட்டார்கள். மாமா என்னைக் காட்டினார்.

ஆயுத பூஜை அன்று வேனைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, பூமாலை போட்டு, முன்னால் இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டியிருந்தோம். மறுநாள் காலை எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு கிளம்பினோம். பூந்தமல்லி தாண்டும்போதே, இலை கண்ணாடியில் அடிக்கிறது, அவிழ்த்துவிடலாமா என்று மாமா கேட்டார்.

"தானா காயற வரைக்கும் அதுல கைய வெக்காத அண்ணா," என்றாள் அம்மா. "இந்த வாட்டி வண்டிக்கு கட்டல. அவரு கண்ணுக்கு கட்டிகீறேன்."

சேலம் வரைக்கும் இலை அடித்துக்கொண்டே வந்தது.

மறுநாள் மேட்டுப்பாளையம் தாண்டியதும் மலை வந்தது. முன் சீட்டில் இருந்த அப்பாவிடம் அம்மா பின்னாலிருந்து கேட்டாள்.

"தெரியுதா?"

"தெரியுது. நல்லா பச்சையா கீது."

எங்களுக்கு முன்னால் பச்சைத் தார்ப்பாய் போட்ட லாரி ஒன்று போய்க்கொண்டிருந்தது.

ஊட்டி ஏரியில் லீவுக் கூட்டம். படகுக்கு வரிசை ரோடு வரை நின்றது. "படகெல்லாம் இன்னாத்துக்கு, இங்கேர்ந்தே நல்லா தெரியுது. எம்மாம் பெருசு," என்றார் அப்பா, வரிசையாக நின்ற டூரிஸ்ட் பஸ்களைப் பார்த்து. தோளைப் பிடித்துத் திருப்பலாமா என்று நினைத்தேன். திருப்பவில்லை. எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாததால் மாமா மேல் என்று வைத்துக்கொண்டு, அன்று முழுக்க அவரோடு பேசவில்லை.

மூன்றாம் நாள் முதுமலைக் காட்டுக்கு இறங்கினோம். இடது பக்கம் மான் கூட்டம் என்றார் மாமா. அப்பா வலது பக்கம் பார்த்து, "அழகு" என்றார். அம்மா அப்போதும் தெரியுதா என்று கேட்டாள், அவர் தெரியுது என்றார். பகல் முழுக்கச் சுற்றியும் யானை வரவில்லை. ரோட்டோரம் யானை லத்திதான் கிடந்தது. அப்பா வண்டியை நிறுத்தச் சொல்லி, இறங்கி, குனிந்து, வெகுநேரம் அதைப் பார்த்தார். அதை நிஜமாகவே பார்த்தார்.

அன்று சாயந்திரம் மசினகுடிப் பக்கம் ஒரு டீக்கடை வாசலில் வேனை நிறுத்திக்கொள்ள இடம் கேட்டோம். கடைக்காரர் வேனைச் சுற்றி வந்தார். வாடிய வாழைக்கன்றைத் தொட்டுப் பார்த்தார்.

"இதை அவுத்து எறிஞ்சிருங்க. யானை நடமாடற எடம்ங்க."

"யானைய பாக்கத்தான் வந்துகீறோம்," என்றார் மாமா.

"பாக்கறது வேறங்க. விருந்து வெச்சுக் கூப்பிடறது வேறங்க."

தானாகக் காயணும் என்று அம்மா ஆரம்பித்தாள். கடைக்காரர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, கதவை மட்டும் திறக்காதீர்கள் என்று சொல்லிப் போனார். நாங்கள் அறிந்த யானை கடை கடையாக வந்து, காசு வாங்கிப் பாகனிடம் கொடுத்து, தலையைத் தொட்டு ஆசீர்வதிக்கும். அதை நினைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கினோம்.

காலையில் நன்றாக வெளுத்த பிறகு வேன் ஆடியது. நான் எழுந்து பார்த்தபோது முன் கண்ணாடி முழுக்கச் சாம்பல் நிறம். அப்பா முன் சீட்டில் உட்கார்ந்திருந்தார். கண்ணாடிக்கு வெளியே வாழைக்கன்று பிய்கிற சத்தம்.

"மாப்ள, பின்னால வந்துரு," என்றார் மாமா போர்வைக்குள்ளிருந்து.

அப்பா வரவில்லை. அம்மா என்னை இழுத்து அணைத்துக்கொண்டாள். ஒரு கன்றை முடித்து அடுத்த கன்றுக்கு யானை நகர்ந்தபோது முன் விளக்கு ஒன்று வளைகிற சத்தம் கேட்டது. நல்ல கண் இருந்த நாங்கள் மூன்று பேரும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டிருந்தோம். நார், பூமாலை எதையும் மிச்சம் வைக்காமல் தின்றுவிட்டு, அது போய்விட்டது.

அம்மாதான் கேட்டாள். "தெரிஞ்சுதா?"

அப்பா முன் கண்ணாடியில் விரலை வைத்தார்.

"இமை மயிரு எம்மாம் நீளம் தெரியுமா," என்றார். "காதோரம் கிழிஞ்சிருக்குது. வலது கொம்பு மொனை ஒடஞ்சுகீது. என்னையே பாத்துச்சு."

கடைக்காரர் ஓடிவந்தார். "ஒத்தைக் கொம்பு ஒடஞ்சவனா?" என்று கேட்டார். அப்பா ஆமாம் என்றார். பிறகு எங்கள் பக்கம் திரும்பாமலே, "மலை தெரியல. ஏரி தெரியல. மானும் தெரியல. நீங்க மெனக்கெட்டு இட்டுகினு வந்தீங்களேன்னு சும்மா சொன்னேன். இது தெரிஞ்சுது" என்றார்.

எங்கள் மூவருக்கும் இது தெரிந்த விஷயம்தான். ஆனாலும் அவர் வாயால் கேட்டதும் எனக்குத் தாங்கவில்லை. அழுதேன். மாமா இறங்கிப்போய் வளைந்த விளக்கை வெகுநேரம் ஆராய்ந்தார். அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு மாமாவைக் கூப்பிட்டாள்.

"வண்டிய திருப்பு அண்ணா. ஏரிக்குப் போலாம்."

இந்தத் தடவை படகுக்கு இரண்டு மணி நேரம் வரிசையில் நின்றோம். நடு ஏரியில் படகு நின்றபோது அம்மா தெரியுதா என்று கேட்கவில்லை. அதற்கப்புறம் என்றைக்குமே கேட்கவில்லை. பார்க்க வேண்டியது எதுவாக இருந்தாலும் அதன் கிட்டே அவரைக் கொண்டுபோய் நிறுத்துவாள். அன்று அப்பாவின் சட்டையைப் பின்னாலிருந்து கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அப்பா தண்ணீர் மூக்கில் படுகிற அளவுக்குக் குனிந்தார்.

"தண்ணி கலங்கலா கீது," என்றார். "எவனோ பப்ஸ் பேப்பர போட்டுகீறான்."