ஏழாம் நம்பர் காட்டில் இல்லாத சுவக்கீன்

காலையில் கணக்கெடுக்க வரும் வார்டர் மாரப்பன் கம்பிக்கு வெளியே நின்று பெயரைக் கூப்பிட்டால், மற்ற தூக்குக் கைதிகள் "இருக்கேன்" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். சுவக்கீன் நிறுத்த மாட்டான்.

"சுவக்கீன் இருக்கேன்யா. நானேதான். எனக்காக வேற யாரும் கொரல் குடுக்கல."

மாரப்பன் பாலக்காட்டுப் பக்கம் எலப்புள்ளிக்காரர். தூக்குக் கைதிக்கும் 'ங்க' போட்டுப் பேசுகிற ஒரே வார்டர் அவர்தான். "அது தெரியுதுங்களே. இந்தக் கொட்டடியில உங்களுக்குப் பதிலா நிக்கறதுக்கு யாருங்க வருவாங்க?"

"அப்படி ஒருத்தன் வந்ததாலதான்யா நான் இங்க கெடக்கேன்."

கேரளத்து மலையில், சாந்தன்பாறைப் பக்கம் ஓர் ஏலக்காய்த் தோட்டத்தில் பதினாறு வருடம் வேலை செய்தவன் சுவக்கீன். அங்கே காலை ஆறரைக்குப் பெரட்டு. ஆட்கள் வரிசையில் நிற்க, கணக்குப்பிள்ளை பெயர் கூப்பிட்டுப் புத்தகத்தில் கோடு போடுவார். அப்புறம்தான் யாருக்கு எந்தக் காடு என்று பிரித்து அனுப்புவார்கள். அந்த நேரத்துக்கு மலையில் பனிமூட்டம் இறங்கியிருக்கும். எல்லோர் தலையிலும் கம்பளி. கணக்குப்பிள்ளைக்கு யார் முகமும் தெரியாது, தெரிய வேண்டுமென்ற ஆசையும் கிடையாது. குரல் வந்தால் கோடு. அதனால் ஒருவன் வர முடியாத நாளில் இன்னொருவன் அவனுக்காகக் குரல் கொடுத்துவிடுவது லயத்து வீடுகளில் வழக்கம். பக்கத்து வீட்டில் உப்பு வாங்குவது மாதிரிதான். யாரும் அதைத் தப்பென்று நினைத்ததில்லை.

1974 மே மாதம் ஒரு வியாழக்கிழமை, சுவக்கீனுக்குப் போடிக்குப் போய்ப் படம் பார்க்க வேண்டும்போல இருந்தது. பெரிய காரணம் ஒன்றுமில்லை. மனைவி அன்னாளிடம் வேலைக்கு என்று சொன்னான். அடுத்த வீட்டுப் பொன்ராஜிடம் மட்டும், "எம்பேருக்கும் ஒரு கொரல் குடுத்துருலே" என்றான். ஒரு ஜீப்பில் தொற்றிக்கொண்டு மலை இறங்கி, பகல் ஆட்டம் பார்த்து, முறுக்குத் தின்று, விளக்கு வைக்கிற நேரத்துக்கு நல்ல பிள்ளையாக வீடு வந்து சேர்ந்தான்.

பொன்ராஜ் குரல் கொடுத்ததும் சுவக்கீன் பெயருக்கு விழுந்த வேலை, ஏழாம் நம்பர் காட்டில் தனியாளாக நிழல்மரக் கிளை கழிப்பது. அங்கே மேற்பார்வைக்குப் போனவர் சூப்பர்வைசர் பெரியமுத்து. அதற்கப்புறம் பெரியமுத்துவை யாரும் உயிரோடு பார்க்கவில்லை. ஊருக்குப் போயிருப்பார் என்று இருந்துவிட்டார்கள். சனிக்கிழமை அதே காட்டில் வெட்டுப்பட்டுக் கிடந்தார். புதன்கிழமைப் பெரட்டில், அத்தனை பேர் முன்னாலும் சுவக்கீன் அவரிடம், "ஒருநா உன்னைய வெட்டி இந்த ஏலத்துக்கே எருவாப் போடுதேன் பாரு" என்று கத்தியிருந்தான். சனிக்கிழமை சாயங்காலமே போலீஸ் ஜீப் லயத்துக்கு வந்துவிட்டது.

செஷன்ஸ் கோர்ட்டில் அவன் படத்தின் கதையை முதலிலிருந்து சொன்னான். இடைவேளையில் முறுக்குத் தின்றது வரை வந்ததும் ஜட்ஜ் போதும் என்றார். அந்தப் படம் போடியில் அஞ்சு வாரம் ஓடியது, எந்த நாளில் பார்த்தால் என்ன என்று அரசு வக்கீல் கேட்டார். பொன்ராஜ் கூண்டில் ஏறி, சுவக்கீனைப் பார்க்காமல், "நான் எம்பேருக்கு மட்டுந்தாங்கய்யா கொரல் குடுத்தேன்" என்றான். புத்தகத்தில் கோடு இருந்தது. தூக்கு என்று தீர்ப்பாயிற்று. அதை ஹைக்கோர்ட் சரியென்று சொல்லிவிட்டால் மிச்சம் இருப்பது கயிறுதான்.

ஜெயிலில் சுவக்கீனுக்கு உடம்பு போட்டது. மாதாமாதம் எடை பார்த்தார்கள்.

"எதுக்குய்யா இந்த எடை?"

"உடம்பு நல்லா இருக்கோணுமில்லீங்க" என்று மாரப்பன் சுவரைப் பார்த்தார்.

"கயிறு தாங்கணும்ல. நாளையிலருந்து சோத்தப் பாதியாக் குடுங்க. நம்மளால கயித்துக்கு ஏன் கஷ்டம்?"

மாரப்பன் சிரிக்கவில்லை. சுவக்கீன் சிரித்தான். ஆனால் கழுத்தில் ஓர் ஈ வந்து உட்கார்ந்தால்கூட அவன் கை பதறிக்கொண்டு அங்கே போகும்.

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அன்னாள் மூன்று பஸ் மாறி வருவாள். புருஷன் வெட்டவில்லை என்பதில் அவளுக்குச் சந்தேகமே கிடையாது. அவள் கோபம் வேறு.

"இடைவேளையில முறுக்குத் தின்னேன்னு கோர்ட்டுல சொன்னீகளே, அது நெசமா?"

"நெசந்தான்."

"எனக்கு ஒண்ணு வாங்கணும்னு தோணலையே. அத ஒரு பொட்டலம் கொண்டாந்திருந்தா அன்னைக்கே எனக்குத் தெரிஞ்சிருக்கும் நீங்க போடியில இருந்தீகன்னு."

"சாட்சிக்கு முறுக்கு வேணும்னு எனக்கு அப்பத் தெரியலடி."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஹைக்கோர்ட்டில் கேஸ் அடுத்த மாதம் வருகிறது என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அடுத்த வாரம் வந்தவன் பொன்ராஜ். கம்பிக்கு அந்தப் பக்கம் உடம்பு பாதியாக இளைத்து நின்றான்.

"என்னலே, செத்துட்டனான்னு பாக்க வந்தியா?"

"மச்சான், நான் ஒத்துக்கிட்டிருந்தா, அப்ப நீ எங்கடா இருந்த, நீதான வெட்டுனன்னு என்னையப் பிடிச்சிருப்பாகளே. எம்பொண்டாட்டி வேற நெறமாசம். லயத்துல இருந்து வெளிய தள்ளிருப்பாக."

"அதனால என்னையத் தள்ளிட்ட."

"ராத்திரி சோறு எறங்கல மச்சான். பெரட்டுல ஒம்பேரு வராம இருக்கது காதுக்கே புடிக்கல. உன்னையக் கூட்டிட்டுப் போனதுக்கு அடுத்த திங்கக்கெழம கூட நான் குடுத்தேன்."

"என்னத்தக் குடுத்த?"

"கொரலு. ஆபீசு வாசல்ல போலீசு ஜீப்பு நிக்கி. கணக்குப்பிள்ள ஜீப்பயே பாத்துக்கிட்டு மடமடன்னு பேரக் கூப்புடுதாரு. சுவக்கீன்னாரு. எனக்குப் பயத்துல வாய் தானா 'இருக்கேன்யா'ன்னுருச்சு. அவரும் கோடு போட்டுட்டாரு. யாரும் சிரிக்கக்கூட இல்ல."

சுவக்கீன் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தான். பக்கத்துக் கொட்டடியில் தூங்கியவன் எழுந்து ஏசினான். மாரப்பன் ஓடி வந்தார்.

"ஏனுங்க, என்னாச்சுங்க?"

"வார்டரய்யா, திங்கக்கெழம நான் எங்க இருந்தேன்? லாக்கப்புல. போலீசே எழுதி வச்சிருக்கு. புத்தகத்துல? ஏலக்காட்டுல வேல பாத்திருக்கேன். வியாழக்கெழமக் கோட்ட வச்சுத்தான எனக்குத் தூக்குக் குடுத்தாக? அதே புத்தகத்துல அடுத்த பக்கத்தப் பொரட்டச் சொல்லுங்கய்யா."

பொன்ராஜுக்கு மெல்லத்தான் விளங்கியது. "அப்ப நான் கோர்ட்டுக்கு வரணுமா மச்சான்?"

"நீ வந்து கிழிச்சது போதும். ஒன் வாய் ஒனக்கு முன்னால வந்து சாட்சி சொல்லிட்டுப் போயிருச்சு."

மாரப்பன் படித்தது மலையாளப் பள்ளிக்கூடம். அன்று டூட்டி முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல், சுவக்கீன் தமிழில் சொல்லச் சொல்ல மலையாளத்தில் வக்கீலுக்குக் கடிதம் எழுதினார். நடுவில் படத்தின் கதையும் வந்தது. அதை மட்டும் விட்டுவிட்டார்.

போலீஸ் கைப்பற்றிக் கோர்ட்டில் கொடுத்திருந்த புத்தகம் பத்திரமாக அங்கேயே இருந்தது. சனிக்கிழமையிலிருந்து காவலில் இருந்த ஆள் திங்கட்கிழமை எப்படி மலையில் வேலை செய்தார் என்று ஹைக்கோர்ட்டில் வக்கீல் கேட்டார். ஜட்ஜ் தானே பக்கத்தைப் புரட்டிப் பார்த்தார். கணக்குப்பிள்ளையைக் கூப்பிட்டுக் கேட்டதில், ஆள் முகம் பார்த்துக் கோடு போடுகிற பழக்கம் தனக்கு இல்லை என்று ஒத்துக்கொண்டார். அந்தக் கோட்டை எடுத்துவிட்டால் கேஸில் மிச்சம், பெரட்டில் கத்திய ஒரு வாய்ச்சவடால்தான். அதற்காக ஆளைத் தூக்கிலிட முடியாதென்று விட்டுவிட்டார்கள். பெரியமுத்துவை வெட்டியது மரம் திருடுகிறவர்கள் என்று தோட்டத்தில் பாதிப்பேர் சொன்னார்கள். மீதிப்பேர் வேறு வேறு சொன்னார்கள். யாரும் பிடிபடவில்லை.

கேட்டில் மாரப்பன் கையைப் பிடித்துக்கொண்டார். "நாளைக்குக் காலையில உங்க பேரச் சொல்லி நின்னுக்கிட்டிருப்பனுங்க."

"பதில் வராதுய்யா. வந்துதுன்னா நம்பாதீக."

யூனியன் பேசி சுவக்கீனுக்கு வேலையைத் திரும்ப வாங்கித் தந்தது. பொய்க் குரலுக்காக ஒரு மாதம் வெளியே நிறுத்தப்பட்ட பொன்ராஜையும் அதுவே உள்ளே கொண்டுவந்தது. கணக்குப்பிள்ளை பழையவர்தான். மூட்டமும் பழைய மூட்டந்தான்.

மூன்றாவது மாதம் ஒரு வியாழக்கிழமை. "சுவக்கீன்."

"இருக்கேன்யா. நானேதான்."

"பொன்ராஜ்."

குரல் இல்லை. "பொன்ராஜ்" என்றார் மறுபடியும். வரிசையில் அத்தனை கம்பளிகளும் சுவக்கீன் பக்கம் திரும்பின. முந்தின நாள் பொன்ராஜ் அவன் காதில் ஏதோ சொன்னதை எல்லோரும் பார்த்திருந்தார்கள்.

"வரலய்யா" என்றான் சுவக்கீன், மலையே கேட்கிற மாதிரி. "போடிக்குப் படம் பாக்கப் போயிருக்கான்."

சாயங்காலம் பொன்ராஜ் நேராக அவன் வாசலுக்கு வந்தான். "ஏன் மச்சான், ஒரு கொரல் குடுத்தா கொறஞ்சா போவ? ஒரு நா கூலி போச்சு."

"கூலிதானலே போச்சு" என்று சுவக்கீன் அவன் கழுத்தை ஒருமுறை தடவிப் பார்த்தான். "முறுக்கு வாங்கிட்டு வந்தியா?"

பொன்ராஜ் மடியிலிருந்து பொட்டலத்தை எடுத்தான். அன்னாள் உள்ளேயிருந்து கையை நீட்டினாள்.