வாய்க்காலில் இறங்கிய வாஷிங் மெஷின்

அக்காவும் மாமாவும் சிதம்பரத்துக்குக் கிழக்கே, வாய்க்கால் கரையை ஒட்டி வயலுக்கு நடுவே வீடு கட்டிக் குடிபோனார்கள். வாத்து வளர்க்கத் தோதான இடம். கரண்டுக்குத்தான் தோதில்லை, கடைசி மின்கம்பம் ஊரோடு நின்றுவிட்டது. கூரையில் ஒரு சோலார் தகடு போட்டிருந்தார்கள். வெயில் காலத்தில் அது ராஜா. ஐப்பசியில் வானம் மூடிக்கொண்டால் செல்போனைக்கூட எழுப்பாது.

பெங்களூரில் நர்சிங் படிக்கும் அவர்கள் மகளுக்கு அந்த மாதங்கள் பெரும் பாடு. அம்மாவின் போன் ஸ்விட்ச் ஆஃப் என்று வந்ததும் என்னைக் கூப்பிடுவாள். நான் கடலூரில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன்.

"மாமா, அங்க புயல்னு நியூஸ்ல சொல்றாங்க. ஒரு எட்டு போய் பாத்துட்டு வாங்களேன்."

போனேன். அக்கா கொட்டும் மழையில் வாத்துகளைப் பட்டிக்குள் விரட்டிக்கொண்டிருந்தாள்.

"எனக்கு என்னடா கேடு? போனுதான் செத்துப் போச்சு" என்றாள்.

அவளுக்குப் பின்னால் வாய்க்கால் இடுப்பளவு உயரமுள்ள ஒரு செங்கல் தடுப்பைத் தாண்டி, நுரை தள்ளிக்கொண்டு விழுந்தது. வெயில் ஓடிப்போகும் நாளில்தான் இந்தத் தண்ணீர் முழு வேகத்தில் வருகிறது. இத்தனை வருஷம் அதைப் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை.

பழைய வாஷிங் மெஷின் ஒன்றிலிருந்து காந்த மோட்டாரைக் கழற்றினேன். அதைச் சுற்றிவிட்டால் கரண்ட் கொடுக்கும். ஒரு பிளாஸ்டிக் டிரம்மை வெட்டி, உள்ளே இறக்கை பொருத்தி, மேலே தண்ணீர் படாத இடத்தில் மோட்டாரை வைத்தேன். ஒரே ஆள் தூக்கிப் போகும் கனம்தான். பஸ்ஸில் ஏற்றும்போது கண்டக்டர் சந்தேகமாகப் பார்த்தார்.

"என்ன சார் இது?"

"தண்ணியில கரண்ட் எடுக்கற மிஷின்."

"ஷாக் அடிக்காதுல்ல? அப்ப கடைசி சீட்ல வைங்க."

சிதம்பரம் வரும்வரை அந்த சீட்டில் வேறு யாரும் உட்காரவில்லை.

மாமாவுக்கும் நம்பிக்கை வரவில்லை. "மச்சான், டேம்லதான் கரண்ட் எடுப்பாங்க. வாத்து குளிக்கற தண்ணியிலயா எடுப்பாங்க?" என்றார். ஆனாலும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு என்னோடு இறங்கினார். தடுப்பிலிருந்து தண்ணீர் விழும் இடத்தில் மூங்கில் நட்டு, டிரம்மைக் கயிற்றால் கட்டினோம். இறக்கை சுற்றியது. மாமா கைதட்டி முடிப்பதற்குள் நின்றுவிட்டது. ஆகாயத்தாமரை ஒரு கொத்து உள்ளே போய்ச் சுருட்டிக்கொண்டிருந்தது. பிடுங்கி எறிந்தோம். மறுபடி சுற்றி, மறுபடி நின்றது. எனக்கு வாஷிங் மெஷினையே வாய்க்காலில் விட்டுவிட்டுப் போகலாம் போலிருந்தது.

கரையிலிருந்த அக்கா, "எதிர்ல சாய்வா ஒரு தட்டி கட்டுங்க. தாமர அதுல ஏறி ஒதுங்கிடும்" என்றாள். மாமாவும் நானும் மூங்கில் பிளந்து தட்டி கட்டினோம். அதன்பின் இறக்கை நிற்கவில்லை.

ஒயர் இழுத்ததும் வீட்டுக்குள் சோலார் பேட்டரியில் சார்ஜ் ஏறியது. பட்டப்பகலில் பல்பைப் போட்டுப் பார்த்துவிட்டு அக்கா, மகளை வீடியோவில் கூப்பிட்டாள். ஹாஸ்டல் வராந்தாவில் நின்றிருந்த அந்தப் பெண், அம்மா முகத்தைப் பார்த்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஏன்டி அழுவுற? பாரு, வாத்தெல்லாம் இருக்குது" என்று அக்கா போனைப் பட்டிப் பக்கம் திருப்பினாள்.

பேசி முடித்ததும் உள்ளே போய் மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"இதுக்கு அது பத்தாது அக்கா."

"சட்னி அரைக்காத கரண்ட் என்னடா கரண்ட்டு?"

மூன்றாம் நாள் வாய்க்கால் பார்க்கும் லஸ்கர் சைக்கிளில் வந்து சத்தம் போட்டார். "தண்ணி போற வழியில எதையும் கட்டக் கூடாதுங்க!" மாமா முடிச்சை அவிழ்த்து, டிரம்மைத் தூக்கிக் கரையில் வைத்தார். அவ்வளவு சுலபமாக வருமென்று லஸ்கர் எதிர்பார்க்கவில்லை. சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "தண்ணி ஏறினா எடுத்துடணும். நான் எப்ப சொன்னாலும் எடுத்துடணும்" என்றார். அக்கா டீ கொடுத்தாள். டீ குடித்து முடிப்பதற்குள் அவர் போனும் எங்கள் பேட்டரியில் செருகப்பட்டிருந்தது.

தண்ணீர் நின்றதும் மிஷினை எடுத்துக் கழுவி, பரணில் ஏற்றினார்கள். அடுத்த மழைக்கு நான் போகவே தேவைப்படவில்லை. அவர்களே இறக்கிக் கட்டிக்கொண்டார்கள். நான் போனது எதிர்க்கரைக் குடும்பம் கேட்டிருந்த இன்னொரு மிஷினோடு. அதை மாமா தோளில் வைத்துக்கொண்டு பாலத்தைக் கடந்தார். எதிர்க்கரைக்காரரிடம் மோட்டாரையும் இறக்கையையும் தொட்டுத் தொட்டு விளக்கினார்.

"யாருங்க பண்ணது?" என்று அவர் கேட்டார்.

"நாங்கதான்" என்றார் மாமா.

நான் மறுக்கவில்லை. அந்த எதிர்க்கரை வீட்டில் எனக்கு இலை போட்டு முட்டைக் குழம்பு ஊற்றியிருந்தார்கள். வாய் நிறையச் சோறு இருந்தது.