கலங்கின கிணறும் ஆறு மாதக் கெடுவும்

கிணற்றுத் தண்ணீரிலிருந்து மண்ணைப் பிரித்துக் கொடுப்பது என் தொழில். ஒழுங்காகச் செய்தால் திட்டு, செய்யாவிட்டால் அதைவிடப் பெரிய திட்டு. வீடு வீடாகப் போய் எதையாவது மாட்டியும் கழற்றியும் பிழைக்கிற சகோதர சகோதரிகளே, உங்களுக்கு இது புதுச் செய்தியாக இருக்காது.

நான் வேலை பார்த்த ஃபில்டர் கம்பெனி திருச்சிக் கிளையை இழுத்து மூடியபோது, ஸ்பானரும் ஸ்கூட்டருமாகத் தனியாகக் கிளம்பினேன். என் கணவர் ஆறு மாதம் கெடு வைத்தார். அதற்குள் தொழில் நிலைக்கவில்லை என்றால் அவருடைய நண்பரின் ஜெராக்ஸ் கடையில் போய் நான் உட்கார வேண்டும். எனக்கு அந்தக் கடையை நினைத்தாலே கொட்டாவி வரும். ஆனாலும் ரோஷத்தில் சரி என்று சொல்லித் தொலைத்துவிட்டேன்.

பத்தே நாளில் கெட்டுப்போன ஃபில்டர்

பொன்மலைப் பக்கம் ஒரு வீடு. ரயில்வே பணிமனையில் வேலை பார்க்கும் மனிதர், இரும்போடு பழகியவர், நம்மைப் புரிந்துகொள்வார் என்று நம்பி, கண்ணாடி மாதிரி உள்ளே தெரிகிற குடுவையில் மண்ணைப் பிடித்து நிறுத்துகிற கார்ட்ரிட்ஜ் ஒன்றை வெள்ளை வெளேரென்று போட்டு மாட்டிவிட்டு வந்தேன். பத்தாம் நாள் போன். "மட்டமான சரக்கைத் தலையில கட்டிட்டீங்களேம்மா!" போய்ப் பார்த்தால் கார்ட்ரிட்ஜ் செங்கல் நிறத்தில் இருக்கிறது. எனக்கானால் பெருமை தாங்கவில்லை. அத்தனை மண்ணும் இத்தனை நாளும் உங்கள் வயிற்றுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது என்று விளக்கினேன். மனிதர் மசியவே இல்லை. நான் வந்த பிறகுதான் அழுக்கு வந்தது என்று சாதித்தார்.

வாதாடிப் பயனில்லை என்று, புது கார்ட்ரிட்ஜைப் போட்டு, உள்ளே எதுவும் தெரியாத நீலக் குடுவையாக மாற்றினேன். சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"இப்பதாம்மா தண்ணி சுத்தமா இருக்கு!"

சோப்பு நுரை

தில்லை நகரில் ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவர். குழாயில் நுரை வருகிறது, காப்பியில்கூட நுரை வேறு மாதிரி இருக்கிறது என்று கூப்பிட்டார். அவர் வீட்டில் நான் மாட்டியிருந்தது நூல் சுற்றிய கார்ட்ரிட்ஜ். திறந்து பார்த்தேன், புத்தம் புதிதாக, மல்லிகை வாசத்தோடு இருந்தது. நூல்தானே என்று வாஷிங் மெஷினில் போட்டு, பவுடர் போட்டு, கடைசித் தண்ணீரில் வாசனைத் திரவமும் விட்டு, கொடியில் உலர்த்தித் திரும்ப மாட்டியிருக்கிறார். அழுக்கானால் தூக்கிப் போடுகிற பொருள் இது என்று நான்தான் சொல்ல மறந்திருந்தேன். அதைப் பையில் போட்டுக்கொண்டு வேறொன்று மாட்டினேன்.

"அதை ஏங்க எடுத்துட்டுப் போறீங்க? இன்னும் நாலு தடவை துவைக்கலாமே!"

என் மேதாவித்தனம்

ஆறாவது மாதத்தில் ஸ்ரீரங்கத்திலிருந்து அழைப்பு. வைதேகி மாமி வீட்டில் மாமாவுக்கு அறுபதாம் கல்யாணம்; நாலு நாளில் நாற்பது பேர் வரப்போகிறார்கள். அந்த வீட்டில் பெருமாள் பூஜையான திருவாராதனத்துக்கும், சமையலான தளிகைக்கும் சொந்தக் கிணற்றுத் தீர்த்தம்தான். பெருமாளுக்கு மாமி கையால் இறைத்துக்கொள்வார். மற்ற எல்லாவற்றுக்கும் மோட்டார். அந்த மோட்டார் தண்ணீர்தான் கலங்கலாக வந்துகொண்டிருந்தது. ஏற்கெனவே இரண்டு பேர் ஃபில்டர் மாட்டித் தோற்றிருந்தார்கள். இங்கே பெயர் கெட்டால் நாலு வீதிக்கும் தெரிந்துவிடும். அப்புறம் ஜெராக்ஸ் கடைதான். ஆகவே இருப்பதிலேயே மிக நுண்ணிய கார்ட்ரிட்ஜை மாட்டி, இனி தூசு தும்பு வராது என்று சவடாலும் அடித்துவிட்டு வந்தேன்.

சாயங்காலமே அடைத்துக்கொண்டது. குழாயில் சொட்டு சொட்டாக வந்து, அதுவும் நின்றது. போன் செய்த மாமி கோபப்படவில்லை, கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை.

"தீர்த்தம் ரொம்பத் தெளிவா இருக்கு, ஆனா தீர்த்தம்தான் இல்லை."

மேலாகச் சாய்த்தது

மறுநாள் காலை முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனேன். மாமி குளித்து மடியாக இருந்ததால், மேலே படாமல் எட்ட நிற்கச் சொன்னார். வேறு வேலையில்லாமல் அவர் செய்வதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கயிற்றில் இறைத்த தண்ணீரைக் குடத்தில் அசையாமல் வைத்திருந்தார். பிறகு குடத்தை ஆட்டாமல் மேலாக மட்டும் சாய்த்து, அடியில் நின்ற கலங்கலை முருங்கை மரத்துக்குக் கொட்டினார். எனக்கு உச்சந்தலையில் அடித்த மாதிரி உறைத்தது. மாமி மேலே எடுக்கிறார். மோட்டார் அடியிலிருந்து எடுக்கிறது! கல்லைக் கட்டிக் கயிறு விட்டு அளந்தேன். கிணற்றில் மண் ஏறி ஏறி, உறிஞ்சுகிற குழாயின் வாய் சேற்றில் புதைந்து கிடந்தது. மூன்று பேரும் ஃபில்டரைத்தான் மாற்றினோமே தவிர, ஒருவரும் கிணற்றை எட்டிப் பார்க்கவில்லை. வெட்கமாக இருந்தது.

லீவு போட்டு வந்த என் கணவர் குழாயைப் பிடித்துக்கொள்ள, நாலடி மேலே தூக்கிக் கட்டினேன். தண்ணீர் நிறைய இருந்ததால் குழாயின் வாய் வெளியே வந்துவிடும் என்ற பயமில்லை. மாவு சலிக்கிற கணக்கில் முதலில் பெரிய கண் ஃபில்டர், அடுத்து நுண்ணியது என்று வரிசையாக மாட்டினேன். மோட்டாரைப் போட்டதும் முதலில் கலங்கல், பிறகு வெளுப்பு, பிறகு டம்ளரில் தண்ணீர் இருப்பதே தெரியாத தெளிவு. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அழுகை வந்துவிட்டது. விசேஷத்தன்று நாற்பது பேர் குளித்துச் சாப்பிட்டுக் கை கழுவியும் குழாய் நிற்கவில்லை. பந்தியில் எங்களையும் உட்காரவைத்து, இலையில் அக்காரவடிசலை இரண்டாம் முறையும் போட்டு, பக்கத்து வீட்டு மாமிகள் மூன்று பேரை எனக்கு அறிமுகப்படுத்தினார் வைதேகி மாமி. மூன்று வீட்டிலும் கிணறு.

கை கழுவும்போது ஜெராக்ஸ் கடை நண்பர் போன் செய்தார். கெடு முடிகிறதே, ஒன்றாம் தேதி வரச் சொல்லட்டுமா என்று கேட்டார் போலிருக்கிறது. என் கணவர் ஈரக் கையோடு போனைப் பிடித்துக்கொண்டு உரக்கச் சொன்னார்:

"அவளுக்கு எங்கடா நேரம்? உங்க வீட்டுக் கிணத்துல மண்ணு வருதா, அதைச் சொல்லு!"

எத்தனையோ வீட்டு மண்ணை வடிகட்டியிருக்கிறேன், ஆனால் அந்த ஆறு மாதக் கெடுவை வடிகட்டித் தள்ளியதுதான் என் ஆயுளிலேயே பெரிய வேலை.