ஒரு டன் கரியும் என் சிவப்புப் பேனாவும்

1. போர்டில் கை வைத்தது

எண்ணூர் பக்கம் ஓர் அனல் மின் நிலையத்தில் இருபத்தெட்டு வருஷம் வே பிரிட்ஜில் இருந்தேன். கரி லாரி உள்ளே வரும்போது ஒரு எடை, கொட்டிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பும்போது ஒரு எடை. வித்தியாசம்தான் சரக்கு. வழியில் கரி எடை கூடினால் இரண்டே காரணம்: தண்ணீர் ஊற்றியிருப்பான், இல்லை தார்ப்பாய்க்கு அடியில் ஆள் படுத்திருப்பான். இரண்டையும் பிடித்திருக்கிறேன்.

சில வருஷங்களுக்கு முன் சுற்றுச்சூழல் தினத்துக்காக கேன்டீன் வாசலில் ஒரு போர்டு வைத்தார்கள். பூமி சூடாக மனிதன் செய்யும் காரியங்களின் பட்டியல். நிலக்கரி, பெட்ரோல், டீசல், காஸ் எரிப்பது முதலில். அப்புறம் காட்டை அழிப்பது, சிமென்ட் தயாரிப்பது, குப்பைமேட்டிலிருந்து கிளம்பும் வாயு, மாடு விடும் ஏப்பம். மாட்டு ஏப்பம் வரை ஒத்துக்கொண்டேன். வியாசர்பாடியில் எங்கள் வீட்டுக்கு எதிரே மாட்டுக் கொட்டகை. ஆனால் கடைசி வரி, 'நம் கரி ஒரு டன் எரிந்தால் சுமார் ஒன்றரை டன் கரியமில வாயு' என்றது.

ஒரு டன் உள்ளே போய் ஒன்றரை டன் வெளியே வருமா? சிவப்புப் பேனாவால் 'ஒன்றரை'யை அடித்து 'அரை' என்று எழுதினேன். திருத்தினால் கையெழுத்துப் போடுவது எங்கள் வழக்கம். அதையும் போட்டேன்.

அன்று மதியம் சீஃப் இன்ஜினியர் விருந்தாளிகளோடு வந்து போர்டைப் படித்தார்.

2. மெமோ

போர்டை எழுதியவர் லேப் கெமிஸ்ட் நூர்ஜஹான். தண்டையார்பேட்டைப் பெண். சேர்ந்து எட்டு மாதம், இன்னும் புரொபேஷனில் இருந்தார். மேனேஜர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

"இன்னாம்மா இது? வெளியாளுங்க முன்னாடி மானம் போச்சு. இதோ நிக்கிற தேவராஜ் எடையில தப்பு பண்ணி நான் பார்த்ததே இல்ல."

"சார், ஒன்றரைதான் சரி."

"மெமோ டைப் ஆயிகினு கீது. வாங்குனா புரொபேஷனை நீட்டிடுவாங்க, தெரியுமில்ல?"

வெளியே வந்ததும் அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. என்னைப் பார்த்து, "அண்ணே, நீங்க எடை ஆளு. எடை போட்டுப் பார்க்காமயே எப்படி அடிச்சீங்க?" என்று கேட்டார்.

என் சர்வீஸில் அதுவரை யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. பின்னாலேயே லேபுக்குப் போனேன்.

3. கரி இல்லாமல் ஒரு ஓட்டம்

கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு தராசு. நான் மூச்சுவிட்டாலே எண் ஆடியது. இருநூறு மில்லிகிராம் கரித்தூளை நிறுத்தார்.

"இது மூக்குப்பொடிக்கே பத்தாதும்மா."

"உங்க லாரிய இதுமேல ஏத்த முடியாதுண்ணே."

கரியை உலைக்குழாயில் வைத்து ஆக்சிஜன் விட்டு எரித்தார். வரும் கரியமில வாயுவை மட்டும் பிடிக்க, மருந்து நிரப்பிய ஒரு கண்ணாடிக் குழாய். அதை முன்னும் பின்னும் நானே எடை போட்டேன். முந்நூற்று எட்டு மில்லிகிராம் கூடியிருந்தது. உலையில் சாம்பல் வேறு மிச்சம்.

"தண்ணி!" என்று கத்தினேன். "ஈரம் ஏறிகீது!"

"தண்ணிய இதுக்கு முன்னால இருக்கிற குழாய் பிடிச்சுக்கும்ணே."

"அப்ப கரி இல்லாம ஒருவாட்டி ஓட்டு."

சிரித்துக்கொண்டே ஓட்டினார். குழாயின் எடை கூடவே இல்லை. நான் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

"மீதி எடை எங்கேர்ந்து வந்துச்சும்மா?"

"காத்துல இருக்கிற ஆக்சிஜன்ணே. கரியில இருக்கிற கார்பன் எரியிறப்போ அதையும் சேர்த்துக்கிட்டுதான் மேல போவுது."

"கேட்ல என்ட்ரியே போடாம இத்தினி சரக்கு உள்ள வந்துகினு கீதா!"

4. எனக்கு வந்த மெமோ

மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "மெமோவுக்கு நம்பர் போட்டாச்சுபா."

"பேரை மட்டும் மாத்துங்க சார். போர்டுல கையெழுத்து என்னுதுதானே?"

மாற்றினார்கள். என் சர்வீஸில் வாங்கிய ஒரே மெமோ அதுதான். நூர்ஜஹானுக்குக் குறித்த நாளில் வேலை நிரந்தரமானது. கேன்டீனில் எல்லோருக்கும் கேசரி கொடுத்தார், எனக்கு இரண்டு கரண்டி.

ஒரு வாரம் கழித்து லாரி டிரைவர் ஏழுமலை எடைச் சீட்டு வாங்க வந்தார். நெட் வெயிட் இருபது டன். வாய் சும்மா இருக்கவில்லை. "இருபது இல்ல நைனா, முப்பது போவுது" என்றேன்.

ஏழுமலை முகம் வெளுத்துவிட்டது. "இன்னா மாமு சொல்ற? ஓவர்லோடா? எம் புள்ளைங்க மேல சத்தியமா நான் ஏத்தல!"

புகைபோக்கியைக் காட்டி விளக்க அரை மணி நேரம் ஆனது. பின்னால் ஏழு வண்டி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. கடைசியில் அவர் அண்ணாந்து பார்த்துவிட்டு, "அப்ப அதுக்கு யார் மாமு சீட்டு போடுறது?" என்று கேட்டார்.

தெரியாததைத் தெரியாது என்று சொல்ல அதற்குள் கற்றிருந்தேன். அப்படியே சொன்னேன்.