முகப்புப் பக்கம் என்றால் பெரட்டுக்களம்

நாள் முழுக்க மாடாய் உழைத்தாலும், பார்க்கிறவர்களுக்குச் சும்மா உட்கார்ந்திருப்பதாகத் தெரிவதுதான் இணையத்தளம் செய்கிறவர்களின் தலையெழுத்து. சக துன்பவாளிகளே, கொழும்பில் இருக்கிற உங்களுக்கே அப்படியென்றால், இரண்டாயிரத்தின் தொடக்கத்தில் ஹட்டனில், ஒரு மருந்துக்கடை மாடியில் ஒற்றைக் கம்ப்யூட்டரோடு கடை போட்ட பெண்பிள்ளையின் பாட்டை யோசித்துப் பாருங்கள்.

அப்பாவுக்குத் தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், வேலை. அக்காவின் கணவர் கொழும்பில், வெள்ளவத்தைத் துணிக்கடை ஒன்றில் எனக்கு இடம் பார்த்து வைத்திருந்தார். நல்லதண்ணி ஊர் வழியாகச் சிவனொளிபாதமலைக்கு ஆட்கள் ஏறுகிற சீசன் முடிவதற்குள் கடை நிமிர வேண்டும், இல்லாவிட்டால் வெள்ளவத்தைக்கு பஸ் ஏற வேண்டும் என்று அப்பா தீர்ப்புச் சொல்லிவிட்டார். எனக்குத் துணி மடிக்கப் பிடிக்காது. இந்தத் தொழிலை மலையில் இருந்துகொண்டு செய்ய முடியாது என்று ஊரே சொன்னது அதைவிடப் பிடிக்கவில்லை.

முதல் வாடிக்கையாளர்

பாடப்புத்தகத்தில் படித்த திமிரில், ‘இங்கே வலைகள் வடிவமைத்துத் தரப்படும்’ என்று பெரிய எழுத்தில் பலகை மாட்டியிருந்தேன். இரண்டு வாரம் ஈ, காக்காகூட வரவில்லை. பிறகு ஒருநாள் மஸ்கெலியாவிலிருந்து ஒருவர் மூச்சு வாங்க மாடியேறி வந்தார். நான் பரபரத்து நாற்காலியைத் துடைத்துப் போட்டேன். என்ன மாதிரி வேண்டும் என்று கேட்டேன். எனக்கு மாதிரி காட்டத் தெரியாது, நீங்களே காட்டுங்கள் என்றார். கம்ப்யூட்டரைத் திருப்பி ஒரு பக்கத்தைக் காட்டினேன். அவர் மேசைக்கு அடியில் எட்டிப் பார்த்தார்.

மஸ்கெலியா நீர்த்தேக்கத்தில் மீன் பிடிக்கிறவர் அவர். விஷயம் புரிய எனக்குத்தான் நேரமானது. நான் விளக்கிச் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, இறங்கும்போது சொன்னார்: “பெரிய கண்ணு வச்ச வலை வந்தா எடுத்து வைங்க தங்கச்சி, சின்னக் கண்ணுல குஞ்செல்லாம் மாட்டிக்குது.”

அரைப் பேர்

பலகையை மாற்றிய பிறகு வந்தவர் நல்லதண்ணியில் யாத்திரிகர்களுக்கு அறை வாடகைக்கு விடுகிற செல்லையா. வெள்ளைக்காரர்கள் வருவார்கள் என்றால் செய்து பார்க்கலாம் என்றார். முகப்புப் பக்கம், இணைப்பு, உள்பக்கம் என்று நான் அளந்துகொண்டே போனேன். அவர் தலையை ஆட்டினார். அது புரியாதவர்கள் மரியாதைக்கு ஆட்டுகிற ஆட்டம். அந்த ஆட்டத்துக்குப் பிறகு யாரும் திரும்பி வரமாட்டார்கள் என்பது உங்களுக்கும் தெரியும்.

எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. முகப்புப் பக்கத்தைக் காட்டி, இது பெரட்டுக்களம் என்றேன். தோட்டத்தில் காலையில் எல்லோரும் முதலில் பெரட்டுக்குத்தானே வருகிறோம், அங்கே நின்றுதானே நீ இந்த மலைக்கு, நீ அந்த மலைக்கு என்று கணக்கப்பிள்ளை பிரித்து அனுப்புகிறார்? இங்கேயும் வருகிறவன் முதலில் இந்தப் பக்கத்தில்தான் நிற்பான், அறை பார்க்க ஒரு வழி, மலையேறும் பாதை பார்க்க ஒரு வழி, உங்களுக்குச் செய்தி அனுப்ப ஒரு வழி என்றேன். செல்லையா அண்ணனின் முகம் மலர்ந்துவிட்டது. தோட்டத்தில் ஒரு நாள் வேலையை முழுதாகச் செய்தால் முழுப் பேர், பாதியில் போனால் அரைப் பேர் போடுவார்கள். அவர் திரையைத் தட்டிச் சொன்னார்: “அப்ப ரூம் கேக்காம சும்மா பாத்துட்டுப் போறவனுக்கு அரைப் பேருதான் போடணும்.”

ஒரு எழுத்து

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஹட்டனில் படிப்பித்த ஆசிரியை ஒருவர், தன் பள்ளிக்கூடத்துக்குத் தமிழில் ஒரு தளம் கேட்டார். செய்தேன். என் கடையில் அது முத்து முத்தாகத் தெரிந்தது. லண்டனில் இருந்த அவருடைய அக்காவுக்கோ ஆங்கில எழுத்துகள் கன்னாபின்னாவென்று சிதறிக் கிடந்தனவாம். என் கம்ப்யூட்டரில் இருந்த தமிழ் எழுத்துரு லண்டனில் இல்லை. அழுகை வந்தது. அழுதுவிட்டு யூனிகோடு படிக்க உட்கார்ந்தேன், எழுத்துரு இறக்காமலே எங்கும் தமிழ் தெரிகிற வழி அது ஒன்றுதான். எல்லாப் பக்கத்தையும் முதலிலிருந்து தட்டினேன். ஆசிரியை அடுத்த வாரம் சிரித்த முகத்தோடு வந்தார்: “பிள்ளை, அக்கா வாசிச்சுப்போட்டு அழுதவ, ஆனா ‘ஆசிரியர்’ எண்டதில ஒரு ‘ர்’ விட்டிட்டீராம்.”

மழை நாள் லைன்

சீசன் முடிகிற நேரம். கையில் இரண்டே தளங்கள். அம்மா என் பெட்டியைத் தூசு தட்டி வைத்துவிட்டார். அப்போது திம்புள்ளப் பக்கத்துத் தோட்ட பங்களா ஒன்றிலிருந்து துரை, அதாவது தோட்டத்து மேனேஜர், கூப்பிட்டனுப்பினார். பங்களாவை உல்லாசப் பயணிகளுக்குத் திறக்கிறார்களாம். நல்லதண்ணியில் தங்கிவிட்டு அங்கே வந்த ஒரு ஜோடி, செல்லையா அண்ணனின் பக்கத்தை அச்சடித்துக் கையில் வைத்திருந்தார்களாம்.

போனால், இதே தொழில் செய்கிற ஒருவர் கொழும்பிலிருந்தும் வந்திருந்தார். நல்ல மனிதர், கெட்டிக்காரர். அவருடைய பக்கத்தில் தேயிலை மலை அசையும், பாட்டு வரும் என்றார்கள். அன்றைக்குப் பார்த்து மழை. மழையென்றால் இணையம் வருகிற டெலிபோன் லைன் கரகரக்கும், படம் அங்குலம் அங்குலமாக இறங்கும். ஹட்டன் மாடியில் அதே மாதிரி லைனோடு மல்லுக்கட்டி மல்லுக்கட்டி நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான்: எழுத்து முதலில் வரட்டும், படம் சின்னதாக, பிறகு வரட்டும். அவருடைய மலை பாதி வானத்திலேயே நின்றுவிட்டது. என் பக்கம் திறந்தது, அறைகளும் திறந்தன. துரை இரண்டு திரைகளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தோட்டத் தமிழில் சொன்னார்: “அவங்க பக்கம் அழகு, உங்க பக்கம் வந்துச்சு.”

வெள்ளவத்தைக்கு ஒரு போன்

வேலை எனக்குத்தான். அதற்குப் பின்னால் அக்கம்பக்கத்து பங்களாக்களும் ஒவ்வொன்றாக வந்தன. வேலை கிடைத்த அன்றே வீட்டில் சந்தோஷமாகச் சொன்னேன். மறுநாள் அப்பா வேலை விட்டு நேராகக் கடைக்கு வந்தார். துரை பங்களாவின் பக்கத்தைத் திறந்து காட்டச் சொல்லி, கீழே சின்ன எழுத்தில் இருந்த என் பெயரை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு போனை எடுத்து அக்காவின் கணவரிடம் பேசினார்: “மாப்புள, துணிக்கடைக்கு வேற ஆளப் பாக்கச் சொல்லுங்க, இவளுக்கு இங்கயே முழுப் பேர் விழுந்திருச்சு.”

இவ்வளவு ஆன பிறகும், மஸ்கெலியாக்காரர் மட்டும் இன்னும் என்னை வலையை உள்ளே வைத்துக்கொண்டு இல்லை என்று சாதிக்கிற கடைக்காரியாகத்தான் பார்க்கிறார்.