அரண்மனையில் ஆடிக் கலியாணம்

பருத்தித்துறையில் எங்கள் தெருவில் ஓர் அரண்மனை இருக்கிறது. சிரிக்காதீர்கள். அந்தக் காலத்தில் பாய்க்கப்பல் ஓட்டிய ஒருவர் இத்தாலிய மாளிகை ஒன்றின் படத்தை மேசனிடம் காட்டி, இப்படியே கட்டு என்றாராம். படத்தில் முன்பக்கம் மட்டுந்தான் இருந்தது. அதனால் தெருவிலிருந்து பார்த்தால் இரண்டு தட்டு, வரிசையாக வட்ட வளைவுகள், தூண்கள். உள்ளே போனால் நடுவில் முற்றம் வைத்த வழக்கமான நாற்சார் வீடு, பின்னால் கிணற்றடி, மாட்டுக்கொட்டில்.

கப்பல் தொழில் படுத்தபின் அது மிஷன் பெண்பிள்ளைகளின் விடுதியானது. பிறகு கூட்டுறவுச் சங்கக்கடையின் அரிசிக் களஞ்சியம், பிறகு படைமுகாம். சுனாமிக்குப் பின் வீடிழந்த சனங்கள் அங்கே தங்கினார்கள். நாகேஸ்வரி அப்படி வந்தவள்தான். மற்றவர்கள் போய்விட்டார்கள், இவள் போகவில்லை. சொந்தக்காரர் அதைக் கலியாண மண்டபமாக்கியபோது கதவுகளின் திறப்புக்கொத்து இவள் கைக்கு வந்தது.

ஊரார் கலியாணத்துக்கெல்லாம் ஓடித் திரிந்தவள், தன் கலியாணத்தைப் பற்றி ஐம்பது தாண்டித்தான் வாய் திறந்தாள். மாப்பிள்ளை ஏர்னெஸ்ட், மண்டபத்துக்கு ஒலிபெருக்கி கட்ட வருபவர், மனைவியை இழந்தவர். அவர் வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர் என்பதை அவளுடைய அண்ணன் ஆழ்வாப்பிள்ளை ஒருவாறு விழுங்கிக்கொண்டார். கலியாண நாளைக் கேட்டதும்தான் மனிசன் கொதித்தார். ஆடி முதலாம் திகதி! சைவக்காரர் யாராவது ஆடியில் தாலி கட்டுவார்களா?

நாகேஸ்வரியின் நியாயம் வேறு. ஆனியும் ஆவணியும் மண்டபம் ஊராருக்கே போதாது. ஆடியில்தான் சும்மா கிடக்கும். வேறு இடம் பார் என்றார் அண்ணன்.

"வீடில்லாத நேரம் எனக்குப் படுக்க இடம் தந்தது இதுதான் அண்ணை. என்ரை கலியாணமும் இஞ்சைதான்."

"அப்ப நான் வரமாட்டன்."

தாய் தகப்பன் இல்லாதவளுக்கு இருக்கிற ஒரே உறவு அவர். அவளுக்குச் சோறு இறங்கவில்லை. எனக்கோ ஆழ்வாப்பிள்ளையின் மேல் பொல்லாத கோபம்.

கலியாணத்தன்று முன்வளைவுகள் முழுக்க மின்குமிழ்கள். போதகர் வந்துவிட்டார். அவள் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றாள். இன்னும் கொஞ்சம் பொறுப்போம் என்று ஏர்னெஸ்ட்தான் போதகரைக் கேட்டார்.

ஆழ்வாப்பிள்ளை வாசலால் வரவில்லை. பின்பக்கக் கிணற்றடிப் படலையைத் திறந்துகொண்டு வந்தார், கையில் ஒரு பானையோடு. ஆடிப்பிறப்பன்று எங்கள் பக்கம் வீட்டுக்கு வீடு பனங்கட்டிக் கூழ் காய்ச்சி உறவுகளுக்குக் கொடுப்போம்.

"நான் கலியாணத்துக்கு வரேல்லை," என்றார், ஒருவரையும் பாராமல். "ஆடிப்பிறப்பெல்லோ. தங்கச்சிக்குக் கூழ் கொண்டுவந்தனான்."

நாகேஸ்வரிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "கூழ் ஆறட்டும் அண்ணை. ஆறுமட்டும் எனக்குப் பக்கத்திலை நில்லுங்கோ."

நின்றார். தாலி கட்டி முடியும்வரை பானையைக் கீழே வைக்கவேயில்லை.