மேட்டு லயத்துக்குப் பத்துப் புள்ளி

கீழ் வீட்டில் மரச்சீனி வேகிறது. திருவனந்தபுரத்துக் கரமனையில் மாடி வீட்டில் குடியிருப்பவளுக்கு இது ஒரு தொந்தரவு. அடுத்தவர் சமையலெல்லாம் நம் ஜன்னல் வழியாகத்தான் மேலே போகும். மரவள்ளிக் கிழங்கின் மாவு வாசனைக்குப் பின்னாலேயே காந்தாரி மிளகாயும் சின்ன உள்ளியும் நசுங்குகிற காரம் வந்து மூக்கைத் தொடுகிறது. நான் எழுந்து போய் ஜன்னலைச் சாத்துகிறேன். எனக்கு மரச்சீனி ஆகாது என்று கீழ் வீட்டு அம்மாள் நினைத்துக்கொண்டிருக்கிறார். ஆகாமல் என்ன, ஒரு காலத்தில் தட்டு நிறைய வைத்துத் தின்றவள்தான் நான்.

படிப்பு முடிந்ததும் வழுதக்காட்டில் ஒரு நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைகிற வேலை கிடைத்தது. அங்கேதான் மணிகண்டன் இருந்தான். நாஞ்சில் நாட்டிலிருந்து வந்து சாலைக்கடைத் தெருவில் இரும்புச் சாமான் விற்ற குடும்பம். இவனுக்கு மட்டும் சைக்கிள் பைத்தியம். ஆள் ஒல்லி, தொடை மட்டும் உலக்கை. அவனும் அவனுடைய கூட்டாளிகளும் சேர்ந்து ஆண்டுதோறும் தை மாதம் மலையில் ஒரு சைக்கிள் போட்டி நடத்துவதாக முடிவெடுத்தபோது, வரைபடத்துக்கு ஆள் தேடி என் மேசைக்கு வந்தான். "வெள்ளக்காரன் ஸ்டைல்ல ஒரு விண்டர் ஈவண்ட், கேட்டோ" என்றான்.

திருவனந்தபுரத்தில் குளிர்காலமா என்று நீங்கள் சிரிப்பீர்கள். ஊருக்குள் தையிலும் மின்விசிறி ஓடும், உண்மைதான். ஆனால் கல்லாறு தாண்டி மேலே ஏறிப் பாருங்கள். காலை எட்டு மணிக்குக்கூட முன்சக்கரம் தெரியாத மூடுபனி, பிரேக்கைப் பிடிக்கிற விரல் மரத்துப்போகும். பாதை பார்க்க ஏறியபோது நான் பெரும்பாலும் பிரேக்கைப் பிடிக்கவில்லை, சைக்கிளை உருட்டிக்கொண்டுதான் போனேன். வரைபடக்காரிக்கு அது போதும்.

போட்டியின் விதி எளிது. எல்லோர் கையிலும் ஒரே வரைபடம். தேயிலைச் சரிவுகளிலும் காட்டோரப் பாதைகளிலுமாக இருபது இடங்களில் ஆரஞ்சும் வெள்ளையுமாகத் துணிக்கொடி தொங்கும். ஒவ்வொரு கொடிக்கும் ஒரு புள்ளி உண்டு. எங்கே போவது, எதை விடுவது என்பது அவரவர் தீர்மானம். போன இடத்தில் கொடியோடு கட்டியிருக்கும் ஊசி அச்சால் தங்கள் புள்ளி அட்டையைக் குத்திக்கொண்டு, ஐந்து மணி நேரத்துக்குள் புறப்பட்ட இடமான கல்லாற்றுக்குத் திரும்பிவிட வேண்டும். பிந்தினால் புள்ளி போகும். எந்தக் கொடிக்கு எத்தனை புள்ளி என்று போடுவதும் வரைபடக்காரியின் வேலை. அந்த வேலையை இன்னொருவர் கையில் கொடுத்திருக்கலாம்.

பாதை பார்க்கப் போன நாட்களில்தான் சொர்ணத்தக்காவைத் தெரியவந்தது. போனக்காடு எஸ்டேட்டுக்கு இப்பால், ஆள் இல்லாமல் கிடந்த ஒரு சிறிய தேயிலைத் தோட்டம். பெயர் வேண்டாம். அதன் உச்சியில் மேட்டு லயம் என்று ஒரு வரிசைக் குடியிருப்பு. பன்னிரண்டு கதவுகளில் மூன்றுதான் திறந்திருந்தன. அதில் ஒன்று அக்காவுடையது. மூன்று தலைமுறைக்கு முன் திருநெல்வேலியிலிருந்து கொழுந்து பறிக்க வந்தவர்களின் பேத்தி. புருஷன் இல்லை, மகள் தூத்துக்குடியில். நான் வியர்த்து ஊற்றிக்கொண்டு போய் நின்றதும், அன்றைக்கு அவித்திருந்த மரச்சீனியையும் காந்தாரித் துவையலையும் என் முன்னால் வைத்தார். தட்டு காலியான பிறகுதான் அது அவருடைய மத்தியானச் சாப்பாடு என்று புரிந்தது. வெட்கமில்லாமல் ஒரு யோசனை சொன்னேன்: போட்டிக்கு வருகிறவர்களுக்கு இங்கேயே கிழங்கும் பால் விடாத கட்டன்சாயாவும் கொடுத்தால் என்ன?

"எத்தன பேரு வருவாங்க பிள்ள?"

"அறுபது பேரு அக்கா."

"அறுபதா! இங்க கல்யாணத்துக்கே அவ்வளவு பேரு ஏறி வந்ததில்ல." விரல் மடக்கி எதையோ எண்ணினார். "வருசா வருசம் வருவாங்கல்லா?"

"வருவாங்க. நான் பொறுப்பு."

அப்போதுதான் சொன்னார். தீபாவளிக்கு வந்த மகள், இந்தப் பேய்க்காட்டில் தனியாகக் கிடக்க வேண்டாம், கிளம்பு என்று ஒற்றைக்காலில் நின்றாளாம். "நாலு பேரு வந்து போற எடம்னு ஆச்சுன்னா, ஒரு சாயாக்கட போட்டு இங்கனயே கெடப்பேன். சைக்கிள்காரங்க வரட்டும், பாத்துட்டுச் சொல்லுதேன்னு அவகிட்ட சொல்லிருதேன்." மற்ற இரண்டு வீட்டுப் பெண்களும் அக்கா இருந்தால் நாங்களும் இருப்போம் என்றார்கள்.

அலுவலகத்துக்கு வந்து மணிகண்டனோடு புள்ளி போட உட்கார்ந்தேன். மேட்டு லயத்துக்கு ஐம்பது என்றேன். "அது ஷரியாவாது, கேட்டோ. சாப்பாடு உள்ள எடத்துக்குப் பாயிண்ட் எதுக்கு? பசிச்சா தானே வருவான்" என்றான். எனக்கும் அது நியாயமாகப் பட்டது. படித்த மூளை அல்லவா. இருபது இடங்களில் மிகக் குறைந்த புள்ளியை, பத்தை, என் கையாலேயே அடித்தேன்.

போட்டியன்று நான் மேட்டு லயத்துக் கொடியருகே காவல். மூன்று பெண்களும் விடியும் முன்பே எழுந்து இரண்டு அண்டா கிழங்கு அவித்திருந்தார்கள். அக்கா முற்றத்தில் சாணி தெளித்து, பெரிய கோலம் போட்டிருந்தார். ஒன்பதரைக்கு மூடுபனி விலகியதும் கீழே பாதை பிரிகிற இடம் நன்றாகத் தெரிந்தது. முதல் சைக்கிள் வந்தது. நின்றது. ஓட்டி வந்தவர் வரைபடத்தைப் பார்த்தார். இடது பக்கம் திரும்பினார். அடுத்தவர்களும் அப்படியே. இடது பக்கம் அருவி ஓரத்துக் கொடிக்கு நாற்பது புள்ளி, பாதையும் சமதரை. பத்துப் புள்ளிக்காக இவ்வளவு ஏற்றம் யார் ஏறுவார்?

"வழி தெரியலயோ?" என்றார் அக்கா. "நான் போயிக் கூட்டிட்டு வரட்டா?"

வழி தெரியாமல் இல்லை, என் வரைபடத்தை நன்றாகப் படித்துத்தான் போகிறார்கள் என்று எப்படிச் சொல்வது? நான் வாயைத் திறப்பதற்குள் அவர் பாதி இறக்கம் போய்விட்டார். பாறைமேல் ஏறி நின்று, தோளில் கிடந்த துண்டைச் சுழற்றிச் சுழற்றிக் கூப்பிட்டார். கீழே போனவர்களில் சிலர் பார்த்தார்கள். உற்சாகமாகக் கை காட்டிவிட்டு மிதித்துப் போனார்கள். யாரோ மலைக்காரி வாழ்த்துகிறாள் என்று நினைத்திருப்பார்கள். ஒரு மணி வரை அவர் அந்தப் பாறையை விட்டு வரவில்லை. அறுபது பேரில் ஒருவர்கூட ஏறவில்லை.

திரும்பி வந்தவரிடம் நான் பொய் சொன்னேன். "மூடுபனியில நேரமாயிட்டு அக்கா. அடுத்த வருஷம் கட்டாயம்." என்னுடைய புள்ளிதான் காரணம் என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. "சரி பிள்ள, நீயாவது தின்னு" என்று தட்டை வைத்தார். ஒரு துண்டைப் பிட்டுவிட்டுத் தட்டைத் தள்ளி வைத்தேன். கல்லாற்றில் பரிசளிப்பு. மணிகண்டன் தோளில் தட்டி, "ரூட் கலக்கிட்டே, எல்லாரும் பறஞ்சாங்க" என்றான். அந்தப் பாராட்டுக்கும் சிரித்தேன்.

மறு ஆண்டு மேட்டு லயத்துக்கு நூறு போட்டேன். மணிகண்டன் முறைத்தான், நான் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் ஓர் எட்டு மேலே போய்ப் பார்த்தேனா? இல்லை. அலுவலகத்தில் வேலை நெருக்கடி என்று எனக்கு நானே சமாதானம். கணினியில் எண்ணை மாற்றினேன், அவ்வளவுதான். எந்த முகத்தோடு போவது என்பதுதான் நிஜம். கொடியை மணிகண்டனின் ஆட்கள் முதல் நாளே கட்டிவிட்டார்கள்.

போட்டியன்று வந்தவர்கள் ஒருவர் விடாமல் மேட்டு லயத்துக்கு ஏறினார்கள். கல்லாற்றில் அட்டைகளை வாங்கிச் சரிபார்க்க உட்கார்ந்தவள் நான். எல்லா அட்டையிலும் அந்த ஊசிக் குத்து இருந்தது. முதலில் வந்த பையனிடம், "சாயா குடிச்சியா?" என்று ஆசையாகக் கேட்டேன்.

"எங்க சேச்சி? பன்னெண்டு கதவும் பூட்டியிருக்கு. ஒரு மனுஷன் கிடையாது. அதான் அங்க அழகே, என்னா அமைதி!"

அவன் அட்டையில் நூறு என்று எழுதினேன். பிறகு ஒவ்வொரு அட்டையிலும் நூறு, நூறு என்று எழுதிக்கொண்டே இருந்தேன்.

போட்டி பிறகு சில வருடம் நடந்து நின்றுபோனது. மணிகண்டன் வெளிநாட்டில். மேட்டு லயத்தின் ஓடுகள் சரிந்து, ஏறுகிற பாதையையே காடு மூடிவிட்டது என்று கல்லாற்றில் ஜீப் ஓட்டுகிறவர்கள் சொல்கிறார்கள். சொர்ணத்தக்கா இருக்கிறாரா, இல்லையா, தெரியாது. தூத்துக்குடியில் எந்தத் தெரு என்று கேட்டு வைக்கவில்லை, மகள் பெயரைக்கூடக் கேட்கவில்லை. நாலு பேர் வந்துபோனால் இந்த மலையிலேயே இருந்துவிடுவேன் என்று ஒருத்தி சொன்னாள். அவள் வீட்டுக்குப் பத்துப் போட்டவள் நான்.